ஒயிட் டவுனில் அறை எடுத்தவர்களுக்கு, வைத்திக்குப்பத்திலிருந்து

சனி, ஞாயிறு வந்தால் வண்டியைப் பிடித்துப் பாண்டிக்கு வந்து, ஒயிட் டவுன் ஓட்டல்களில் அறை எடுத்துத் தங்கும் சென்னை, பெங்களூரு, கோவைச் சொந்தங்களுக்கு,



பீச் ரோட்டில் வடக்கே நடந்து, பழைய சாராய ஆலையைத் தாண்டி, குருசுக்குப்பத்தையும் தாண்டினால் எங்கள் வைத்திக்குப்பம். ஊர் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோமே தவிர, நகரத்துக்குள்ளேயே இருக்கும் மீனவர் குப்பம்தான். நீங்கள் தங்கும் இடத்திலிருந்து பொடிநடையாக வந்துவிடலாம். பெரும்பாலும் வருவதில்லை. விடியற்காலையில் காந்தி சிலைவரை வந்து, சூரியனைப் படம் பிடித்து, காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. குப்பத்தைச் சுற்றிப்பார்க்க வாருங்கள் என்று அழைக்கவும் நான் இதை எழுதவில்லை. வாசலில் வலை பின்னுகிறவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் அவனுக்குக் கை ஓடாது. நீங்கள் காசு கொடுத்துத் தங்குகிற அந்த அறையைப் பற்றித்தான் பேச வந்தேன். அதில் எங்களுக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

சொகுசு ஓட்டலைத் திட்டுவதற்காகக் குப்பத்துக்காரன் பேனா எடுத்திருக்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு அந்த ஓட்டல்கள் பிடிக்கும். அவை இல்லாவிட்டால் அந்த வீடுகள் இன்று நிற்காது. 2014 நவம்பர் 29-ம் தேதி, மழையில் ஊறி ஊறி, கடற்கரையோரம் இருந்த மேரி கட்டடம் சரிந்து விழுந்தது. 1870-களில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய நகர மன்றம். ஊரிலேயே பெரிய கட்டடங்களில் ஒன்று, அரசாங்கத்துச் சொத்து, அதற்கே அந்தக் கதி. அதே வடிவத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்று நாற்பது வருஷம் உப்புக்காற்று குடித்த சுவர் போனது போனதுதான்.

அரசாங்கத்தால் முடியாததைத் தனி ஆள் எங்கே செய்வது? ஒயிட் டவுன் வீடு ஒன்றை வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. மேற்கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு மெத்தியது. ஒரு உத்தரத்தில் கரையான் ஏறினால் அந்தப் பக்கமே இறங்கிவிடும். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். சிமெண்ட் பூசினால் சுவர் மூச்சு விடாது, உள்ளே ஈரம் தங்கி உப்புப் பூக்கும். வாரிசுகளில் ஒருவர் பாரிசில், ஒருவர் சென்னையில், இன்னொருவர் யாருக்கும் பிடிகொடுக்காமல் இங்கேயே. பாகப்பிரிவினை முடிவதற்குள் வேப்பங்கன்று சுவரைப் பிளந்துவிடும். இந்த நிலையில் ஓட்டல்காரர் வந்து குத்தகைக்குக் கேட்டால், அவரைக் கும்பிட்டுத்தான் வரவேற்க வேண்டும். ரொமேன் ரோலான் தெருவில் நீம்ரானா குழுமம் எடுத்து 'ஒத்தெல் தெ லோரியான்' ஆக்கிய கட்டடம் ஒருகாலத்தில் கல்வித்துறை அலுவலகம். பெருமாள் கோயில் தெருவில் சி.ஜி.எச். எர்த் நடத்தும் 'மேசோன் பெருமாள்', நூறு வருஷத்துக்கு மேல் பழைமையான தமிழ் வீடு. அடுக்குமாடி வந்திருக்க வேண்டிய இடங்களில் முற்றமும் தூணும் நிற்கின்றன என்றால், அது உங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் வாடகையால்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

ஆனால் ஒரு விஷயம். மற்ற நகரங்களில் சொகுசு ஓட்டல் என்றால் அது ஊரிலிருந்து தள்ளி நிற்கும். பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ, நம் சென்னையிலேகூட, முப்பது மாடி உயரம், கண்ணாடிச் சுவர், வாசலில் மெட்டல் டிடெக்டர். உள்ளே நுழைந்தால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அதற்குத்தான் அங்கே காசு. இங்கே அப்படி இல்லை. நீங்கள் தங்குவது ஒருத்தர் குடியிருந்த வீடு. பத்துப் பதினைந்து அறை. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு பாட்டி குக்கர் வைக்கிறார், எதிரில் ஆசிரமத்துக்காரர் தியானத்தில் இருக்கிறார், மூலையில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா செய்தித்தாள் படிக்கிறார். இரவு பதினொரு மணிக்கு மாடியில் நீங்கள் பாட்டுப் போட்டால் அந்தத் தெரு முழுக்க உங்கள் அறையாகிவிடும். அதனால் இங்கே தங்க வருகிறவர், அவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆகிவிடுகிறார். காசு கொடுத்தாலும் விருந்தாளிதான். விருந்தாளிக்கு என்று சில வழக்கங்கள் நம்மிடம் உண்டு, அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஊரை 'பிரெஞ்சு ஊர்' என்று விளம்பரப்படுத்துவதில் பாதிதான் உண்மை. நேர்கோடாக ஓடும் இந்தத் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள், 1693-லிருந்து 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் பார்க்கும் வீடுகளெல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை. கட்டிய கை முழுக்கத் தமிழ்க் கை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீடு உயர்ந்த மதிலுக்குள் ஒளிந்திருக்கும். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீடு தெருவை நோக்கித் திண்ணையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தெருவில் போகிறவன் களைத்தால் உட்காரட்டும், இரவானால் படுக்கட்டும் என்று போட்ட திண்ணை. அன்றைக்குப் படுத்தவனுக்கு வாடகை கிடையாது. இன்றைக்கு அதே மாதிரி வீட்டில் படுக்க ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் ஆனால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. காலம் அப்படி. கால்வே சுப்பராயச் செட்டி வீதியில் அந்தத் திண்ணை வீடுகளின் முகப்பை வரிசையாகச் சீர்செய்து 2008-ல் யுனெஸ்கோ விருதே வாங்கியிருக்கிறார்கள். படம் பிடிக்க மஞ்சள் சுவர்தான் வேண்டும் என்று சுஃப்ரென் தெருவிலேயே நெருக்கியடிக்காமல், வாய்க்காலைத் தாண்டி அங்கேயும் போய் வாருங்கள். கீழே தமிழ்த் தாழ்வாரமும் மேலே பிரெஞ்சுப் பால்கனியுமாக ஒரே வீட்டில் இரண்டு நாகரிகம் குடித்தனம் நடத்துவதை அங்கேதான் பார்க்க முடியும்.

படம் பிடிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை. காகிதப்பூ தொங்கும் அந்த வாசல்கள் பலவற்றில் ஆள் குடியிருக்கிறார்கள். கதவைத் திறந்து பால் பாக்கெட் எடுக்க வருகிற அம்மாவை, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொல்கிற காட்சியை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவர் தள்ளியும் நின்றார். அதுதான் இந்த ஊர்.

இனி தண்ணீர்.

பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அதற்குப் பக்கத்தில் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். ஆயி யார் என்று கேட்பவர் குறைவு. ஊரில் வழங்கும் கதை இது. முத்திரப்பாளையத்தில் ஆயி என்ற தாசியின் மாளிகை இருந்தது. அவ்வழியே வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கும் வெளிச்சமுமாக ஜொலித்த அந்தக் கட்டடத்தைக் கோயில் என்று எண்ணிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். தாசி வீடு என்று தெரிந்ததும் அவமானமாகி, இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். ஆயி கெஞ்சினாள்: நானே இடிக்கிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். இடித்தாள், அந்த இடத்தில் குளம் வெட்டினாள். பல தலைமுறை கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், குடிதண்ணீருக்குத் தவித்த வெள்ளைக்காரர் நகரத்துக்கு முத்திரப்பாளையத்திலிருந்துதான் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக எழுந்தது மண்டபம். ஒரு ராணிக்கோ கவர்னர் மனைவிக்கோ இல்லாமல் ஒரு தாசியின் பெயரில் மண்டபம் எழுப்பிய ஊர் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கதையில் எவ்வளவு உண்மை என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு: ஊரின் மிகச் சொகுசான வீடு குளமாகி ஊருக்கே தண்ணீர் கொடுத்தது. இப்போது கணக்கு தலைகீழ். கடலோரம் நிலத்தடியில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கைப்பம்புகளில் வாயில் வைக்க முடியாத தண்ணீர். விடுமுறை நாட்களில் ஓட்டல் தெருக்களில் தண்ணீர் லாரி நிற்பதைப் பார்க்கலாம். பால்கனியில் 'பிளஞ்ச் பூல்' என்ற குட்டி நீச்சல் தொட்டி இருக்கும் அறைக்குக் கூடுதல் வாடகை என்கிறார்கள். நூறு அடி தள்ளிக் கடல் இருக்கிறது, அது போதாதா என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன், அது உங்கள் விருப்பம். தினம் புதுத் துண்டு வேண்டாம் என்று மட்டும் ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். துவைக்கிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

காலை ஏழு மணிவாக்கில் ஓட்டல்களின் பின்வாசலுக்குப் போனால் ஒரு காட்சி பார்க்கலாம். அன்னக்கூடையோடு எங்கள் அக்கா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மேலே போட்ட ஈரச் சாக்கை விலக்கினால் வஞ்சிரம். சமையல் மாஸ்டர் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பார், ரத்தச் சிவப்பாக இருக்கிறதா என்று. வயிற்றைக் கட்டை விரலால் அழுத்துவார். குழி விழுந்தால் வேண்டாம் என்பார். அதுவரை நியாயம். அதற்கடுத்தது அளவு. நாலு கிலோவுக்குக் குறைந்தால் துண்டு சின்னதாகிவிடுமாம், ஆறு கிலோவைத் தாண்டினால் தட்டில் அடங்காதாம். எல்லாத் தட்டிலும் ஒரே அளவு துண்டு வர வேண்டும். கடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது ஒருநாள் காரப்பொடி கொடுக்கும், ஒருநாள் கிழங்கான், ஒருநாள் கூடை கூடையாக நெத்திலி. அதெல்லாம் அக்காவின் கூடையிலேயே திரும்பும். மத்தியானம் எங்கள் வீடுகளில் அந்த நெத்திலி, மாங்காய் போட்ட குழம்பாகக் கொதிக்கும். ஓட்டலில் நீங்கள் முந்தாநாள் ஐஸ் வைத்த வஞ்சிரத்தை எலுமிச்சை வெண்ணெயில் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். யார் சொகுசாகச் சாப்பிட்டார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் பருவம் என்று அரசு வைத்த விதி. உங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அதேதான். அப்போதும் மெனுவில் வஞ்சிரம் இருக்கும். மே மாதம் உங்கள் தட்டில் இருப்பது அனேகமாக மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வந்தது. அந்தப் பக்கம் தடை ஜூனில்தான் தொடங்கும். அந்த நாட்களில் ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய் எடுத்து வரும் சின்ன மீனைக் கேட்டுப் பாருங்கள். 'இன்னிக்கு என்ன மீன் வந்துது?' என்று மெனுவைத் திறக்காமல் கேட்டால் போதும். முதல் நாள் மாஸ்டர் முழிப்பார். நாலு பேர் கேட்டால், மறுநாள் அக்காவின் கூடையில் கிழங்கான் திரும்பாது. உங்களால் எங்களுக்கு நடக்கக்கூடிய உருப்படியான உதவி இதுதான். நன்கொடை இல்லை, வியாபாரம்.

அப்புறம் மணல். 'சீ வியூ' அறைக்குக் கூடக் கொடுக்கிறீர்கள். திரையை விலக்கினால் தெரிவது கடல், அதற்கு முன்னால் கறுப்புக் கல் மலை. சின்ன வயதில் இங்கே மணல்தான் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் கடலில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் திசை திரும்பும். வருவதும் போவதுமாகக் கரை நிலைத்திருந்தது. 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. அதை எந்திரம் வைத்து இந்தப் பக்கம் இறைத்துக் கொட்ட வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. கடல் சும்மா இருக்குமா? ஊர்க் கரையைத் தின்றது. நகரத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது, அதற்கு வடக்கே இருந்த இடம் அரிபட்டது. அங்கேயும் கல். இப்படியே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது.

மணல் போனால் எங்களுக்கு என்ன போகும் என்று கேட்பீர்கள். கரைவலை போகும். கடலில் அரை வட்டமாக வலையை விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் ஊரே சேர்ந்து கரையிலிருந்து இழுக்கும் தொழில் அது. நிற்க மணல் இல்லாமல் கல்மேல் நின்று வலை இழுக்க முடியாது. படகை ஏற்றி வைக்க இடமில்லை. வலை காயப்போட, கருவாடு உலர்த்த, பிள்ளைகள் விளையாட, பெண்கள் சாயங்காலம் உட்கார்ந்து ஊர்க்கதை பேச எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான் எங்கள் முற்றம். 2018-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவில் ஒரு இரும்புத் திட்டை இறக்கியது. அலையின் வேகம் குறைந்து, காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் கால் நனைத்துப் படம் எடுப்பது அந்த மணலில்தான். இப்படியும் செய்ய முடியும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. எங்கள் பக்கம் மணல் பருவத்துக்குப் பருவம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, தங்குவதில்லை. ஓட்டல் முதலாளிகளின் பேச்சு அரசாங்கத்தின் காதில் எங்கள் பேச்சைவிடச் சீக்கிரம் ஏறும். கிளம்பும்போது கருத்துப் படிவம் நீட்டுவார்கள் இல்லையா, அதில் மெத்தை, காபி பற்றி எழுதியபின் ஒரு வரி இருந்தால் எழுதுங்கள்: 'மணல் வடக்கேயும் வர வேண்டும்.'

ஓட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. உங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவர்களில் குப்பத்துப் பெண்களும் உண்டு, வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளும் உண்டு. டிப்ஸை மேசைப் பெட்டியில் போடாதீர்கள், கையில் கொடுங்கள். சரக்கு மலிவு என்று வந்தவர்கள், அறையில் வாந்தி எடுத்தால் அதை அள்ளுவது இந்தப் பிள்ளைகள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒரு அழைப்பு. குப்பத்துக்கு அழைக்க எழுதவில்லை என்றேன். ஒரு நாள் மட்டும் அதற்கு விலக்கு. மாசி மகத்தன்று எங்கள் கடற்கரைக்கே விருந்தாளிகள் வருவார்கள். மயிலத்திலிருந்து சுப்பிரமணியர், தீவனூரிலிருந்து பொய்யாமொழி விநாயகர், மேல்மலையனூர் அங்காளம்மன், செஞ்சிப் பக்கத்து ரங்கநாதர், திண்டிவனத்துப் பெருமாள், ஊர்க்காரராக மணக்குள விநாயகர். இன்னும் எத்தனையோ ஊர்ச் சாமிகள் பல்லக்கிலும் டிராக்டரிலும் வந்து வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரி ஆடிவிட்டுப் போவார்கள். புதுச்சேரிக்கு அன்று விடுமுறை. மயிலத்து முருகன் எங்கள் மாப்பிள்ளை மாதிரி. தீர்த்தவாரிக்குச் சில நாள் முன்னாலேயே புறப்பட்டு வழியெல்லாம் மண்டகப்படி வாங்கிக்கொண்டு வருவார். இவர்கள் யாருக்கும் அறை பதிவு கிடையாது. நிழலுக்குப் பந்தல், காலுக்குக் கடல், படையலுக்குச் சுண்டல், அவ்வளவுதான்.

நீங்களும் வரலாம். அந்த வாரம் ஒயிட் டவுனில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். காரை ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள், படேல் சாலையில் ஊசி நுழைய இடமிருக்காது. காலணியையும் அறையிலேயே விட்டு வந்தால் நல்லது, திரும்பும்போது அது கிடைக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பத்து மணிக்குள் வந்தால் சாமிகளைக் கிட்டே பார்க்கலாம். கல்லில் பாசி இருக்கும், வழுக்கும். இறங்குகிறவர்கள் எங்கள் பையன்கள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

இப்படிக்கு,
வைத்திக்குப்பத்துக்காரன் ஒருவன்